‘விசிசிட்யூட்ஸ்’ என்ற சொல்லைக் கையாளுவது எப்படி? மலையூர் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோத்தகிரியில் ஞாயிறு மாலைகளில் நான் நடத்தும் ஆங்கில வகுப்புக்கு வரும் மாணவி ஒருவர், கல்லூரிக் கட்டணத்தில் சலுகை கேட்டுத் தாம் எழுதிய விண்ணப்பத்தைத் திருத்தித் தரும்படி கொண்டுவந்தார். அவருடைய தந்தை ஒன்றரை ஏக்கரில் தேயிலை வைத்திருப்பவர். கொழுந்து விலை இறங்கியதையும், ஜனவரி உறைபனியில் செடிகள் கருகியதையும் எளிய ஆங்கிலத்தில் நன்றாகவே எழுதியிருந்த அந்தப் பெண், முத்தாய்ப்பாக, ‘மை ஃபாதர் இஸ் இன் எ விசிசிட்யூட்’ என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்திருந்தார். கைப்பேசி அகராதியில் ‘இன்னல்’ என்று தட்டியபோது வந்த சொற்களில் இதுதான் பெரிதாகவும் படித்தவர் சொல் போலவும் இருந்ததாம். விண்ணப்பம் முழுவதிலும் பிழை இருந்தது அந்த ஒரு வாக்கியத்தில்தான். அதே பிழையை, மாறி மாறி வரும் ஏற்ற இறக்கங்களைக் குறிக்கும் இந்தச் சொல்லை முதல்முறை சந்திக்கும் பலரும் செய்வதைப் பார்த்திருப்பதால், அன்று அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதற்படி: வாயில் வரட்டும்

சொல்லை நான்கு அசைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: வி, சி, சி, ட்யூட். தமிழில் நாம் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே கனத்தோடு சொல்லிப் பழகியவர்கள் என்பதால், ஆங்கிலச் சொல்லையும் தட்டையாகவே சொல்லிவிடுகிறோம். கேட்பவருக்கு அது பிடிபடுவதில்லை. இந்தச் சொல்லில் அழுத்தம் இரண்டாவது அசையில், அதாவது முதலில் வரும் ‘சி’யில் விழ வேண்டும். முதல் ‘வி’யை மெல்லத் தொட்டு, ‘சி’யில் ஏறி, அடுத்த ‘சி’யை விழுங்கியதுபோல் கடந்துவிடுங்கள். கடைசி அசையை அமெரிக்கர்கள் ‘டூட்’ என்பார்கள். தொடக்கத்தை ‘வை’ என்று சொல்பவர்களும் உண்டு. அவையும் தவறல்ல.

கடைசி அசை உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமானதுதான். மேட்டுப்பாளையத்தில் 300 மீட்டர் சொச்சத்தில் கிளம்பி உதகையில் 2,203 மீட்டரில் போய் நிற்கும் மலை ரயிலைப் பற்றிச் சுற்றுலாப் பயணிகளிடம் பேசும் எந்த ஜீப் ஓட்டுநரும் ‘ஆல்டிட்யூட்’ என்ற சொல்லைத் தடுமாறாமல் சொல்வார். அதே ‘ட்யூட்’தான் இங்கும். லத்தீன் மொழியிலிருந்து வந்த இந்த விகுதி, நம்முடைய ‘பெருமை’, ‘வறுமை’ ஆகியவற்றில் வரும் ‘மை’ போன்றது. ஒரு தன்மைக்கோ நிலைக்கோ பெயர் வைக்க உதவுவது.

இரண்டாம் படி: எழுத்துக் கூட்டல்

ஒருமையில் (vicissitude) மொத்தம் 11 எழுத்துகள். வி, ஐ, சி, ஐ, எஸ், எஸ், ஐ, டி, யூ, டி, ஈ. ‘சி’ ஒன்று, ‘எஸ்’ இரண்டு, ‘ஐ’ மூன்று என்று எண்ணிக்கையாக நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இரண்டு ‘டி’களில் முதலாவது ‘டீ’க்கு உரிய டி, இரண்டாவது ‘டோர்’ என்பதற்கு உரிய டி. தேயிலைக்காரர்கள் டீயை முதலில் வைப்பார்கள் என்று வகுப்பில் சொல்லிவைத்தேன். அதற்குப் பிறகு யாரும் மாற்றி எழுதவில்லை.

மூன்றாம் படி: பொருளைப் பிடிப்பது

இதுதான் முக்கியமான இடம், அவசரப்படாமல் படியுங்கள். அகராதியில் ‘இன்னல்கள்’, ‘துன்பங்கள்’ என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு அதுவே பொருள் என்று எடுத்துக்கொண்டால், சொல்லில் பாதிதான் கைக்கு வரும். இது லத்தீன் மொழியில் ‘விகிஸ்’ என்ற சொல்லிலிருந்து கிளைத்து, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. ‘விகிஸ்’ என்பதற்கு மாற்றம், மாறி வருதல் என்று பொருள் சொல்வார்கள். தமிழில் இதற்கு இன்னும் நெருக்கமான சொல் ‘முறை’ என்பது என் கருத்து. கோடையில் தெருக்குழாயில் தண்ணீர் முறைவைத்து வரும்போது, இன்று மேல்தெருவுக்கு, நாளை கீழ்த்தெருவுக்கு என்று மாறுகிறதே, அந்த முறை. குடம் நிறைவதும் முறைதான், வெறும் குடத்தோடு திரும்புவதும் முறைதான். வாழ்க்கையில் நல்லதும் கெட்டதும் அப்படி ஒன்றுக்குப் பின் ஒன்றாக, நம்மைக் கேட்காமல் மாறி மாறி வருவதைத்தான் ‘விசிசிட்யூட்ஸ்’ என்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் இரவும் பகலும் மாறி வருவதற்கும் இந்தச் சொல்லையே பயன்படுத்தியிருக்கிறார்கள். அங்கே துன்பத்துக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இதன் உறவுக்காரர்கள் உங்கள் கல்லூரியிலேயே இருக்கிறார்கள். முதல்வர் இல்லாதபோது அவருடைய இடத்தில், அவருடைய முறையில் நின்று பொறுப்பைப் பார்ப்பவர் ‘வைஸ் பிரின்சிபால்’. அந்த ‘வைஸ்’ இதே வேரிலிருந்து வந்தது. முன்பின்னாக மாற்றிச் சொல்லும்போது வரும் ‘வைஸ் வெர்சா’வும், தேவாலயத்தில் மேலவருக்குப் பதிலாக நின்று பணியாற்றுபவரைக் குறிக்கும் ‘விகார்’ என்ற சொல்லும் அதே குடும்பம்தான். ஆனால் தீய பழக்கத்தைக் குறிக்கும் ‘வைஸ்’ வேறு, பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ‘வைஸ்’ வேறு. ஒலியில் மட்டும்தான் ஒற்றுமை. அந்த இரண்டையும் இந்தக் குடும்பத்தோடு சேர்க்காதீர்கள்.

மலையில் பாடம் எடுப்பவர்கள் இந்தச் சொல்லைக் கொண்டை ஊசி வளைவுகளை உவமையாக்கி விளக்குவதைக் கேட்டிருக்கிறேன். கல்லட்டிச் சாலையில் 36 வளைவுகள், குன்னூர்ச் சாலையில் 14 வளைவுகள் என்று கணக்கும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பாதிதான் பொருந்துகிறது. எத்தனை முறை திரும்பினாலும் அந்தச் சாலை மேலே போய்ச் சேர்ந்தே தீரும். நம் சொல்லுக்கு அப்படி ஓர் உறுதி கிடையாது. ஏறுவதும் இறங்குவதும் மாறி வரும் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

பொருள் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்க்க நீலகிரியின் பயிர் வரலாறே போதும். 19ஆம் நூற்றாண்டில் இங்கே காப்பி பயிரானது. இலைத்துரு நோய் வந்து பல தோட்டங்களை அழித்தது. 1860களில் மலேரியாவுக்கான மருந்தைத் தரும் சிங்கோனாவை அரசே தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிரிட்டது; ஜாவாவிலிருந்து மலிவான பட்டை சந்தைக்கு வந்ததும் அதன் விலை சரிந்தது. பிறகு தேயிலை காலூன்றியது. உருளைக்கிழங்கு செழித்தது, 1961இல் அதன் வேரைத் தாக்கும் நூற்புழு இந்தியாவில் முதன்முதலாக நீலகிரியில்தான் கண்டறியப்பட்டது. 1998இல் பச்சைத் தேயிலைக்கு நல்ல விலை கிடைத்ததைப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். அதற்கடுத்து வந்த சில ஆண்டுகளில் விலை விழுந்த வேகத்தையும் அவர்களே பேசுவார்கள். இந்த முழுக் கதைக்கும் சேர்த்துத்தான் ‘விசிசிட்யூட்ஸ்’ என்று பெயர். காப்பி அழிந்ததற்கு மட்டும் அல்ல, 1998ஆம் ஆண்டுக்கும் சேர்த்து. இருந்தாலும், இன்றைய வழக்கில் இந்தச் சொல்லின் நிழல் கெட்ட காலத்தின் பக்கம் சற்றுக் கூடுதலாகவே சாய்ந்திருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. திருமணமும் பதவி உயர்வும் பரிசும் மட்டுமே வந்த ஒருவருடைய வாழ்க்கையை இந்தச் சொல்லால் யாரும் வருணிக்க மாட்டார்கள்.

நான்காம் படி: வாக்கியத்தில் அமர்த்துவது

மாணவியின் வாக்கியத்தில் முதற்பிழை ஒருமை. ‘எ விசிசிட்யூட்’ என்று இன்று பெரும்பாலும் எழுதுவதில்லை. சில நூற்றாண்டுகளுக்கு முந்திய எழுத்தில் ஒருமை சாதாரணமாக வந்தது. இப்போது ஒருமையில் எழுதினால் பழைய நடையாகவோ தவறாகவோ தோன்றும். எனவே இறுதியில் ‘ஸ்’ சேர்த்துப் பன்மையாக எழுதுங்கள். பொருளே மாறி மாறி வருவது என்பதால், ஒன்று மட்டும் தனியாக நிற்க முடியாது என்று நினைத்துக்கொண்டால் விதி மறக்காது.

இரண்டாவது, முன்னால் ‘தி’ வேண்டும், பின்னால் ‘ஆஃப்’ வேண்டும். எதனுடைய ஏற்ற இறக்கம் என்று சொல்லாமல் இந்தச் சொல்லை அந்தரத்தில் விட்டுவிடக் கூடாது. ‘தி விசிசிட்யூட்ஸ் ஆஃப் லைஃப்’ என்பது எல்லாரும் அறிந்த தொடர். அதோடு நிறுத்திவிடாமல், ‘ஆஃப் தி மார்க்கெட்’, ‘ஆஃப் தி வெதர்’, ‘ஆஃப் பாலிட்டிக்ஸ்’, ‘ஆஃப் ஃபார்ச்சூன்’ என்று எது மாறுகிறதோ அதைப் பெயர் சொல்லி எழுதினால் வாக்கியத்துக்கு உயிர் வரும். ‘விசிசிட்யூட்ஸ் ஃப்ரம்’, ‘விசிசிட்யூட்ஸ் வித்’ என்று எழுதாதீர்கள். ‘மை விசிசிட்யூட்ஸ்’ என்பதும் நன்றாக இல்லை. துன்பத்தைச் சொந்தம் கொண்டாடலாம், மாறுகிற காலத்தை அப்படிச் சொந்தம் கொண்டாட முடியாது. மாணவி எழுதியதுபோல் ஒருவர் ‘இன் எ விசிசிட்யூட்’ ஆக இருக்கவும் முடியாது, ஏனென்றால் அது குழியைப் போல ஒருவர் விழுந்து கிடக்கும் இடம் அல்ல.

வினைச்சொற்களில் ‘சர்வைவ்’, ‘என்டியூர்’, ‘ஃபேஸ்’, ‘சப்ஜெக்ட் டு’ ஆகியவை இதோடு இயல்பாகப் பொருந்தும். கோத்தகிரிக்குப் பக்கத்திலுள்ள கன்னேரிமுக்கில், கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819 வாக்கில் கட்டிய வீடு நெடுங்காலம் பாழடைந்து கிடந்து, பிறகு செப்பனிடப்பட்டு, இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. அதைப் பற்றி, ‘தி ஹவுஸ் ஹேஸ் சர்வைவ்ட் தி விசிசிட்யூட்ஸ் ஆஃப் டூ சென்சுரீஸ்’ என்று எழுதினால் சொல் சரியான இடத்தில் உட்காரும். கட்டியவர், கைவிட்டவர், காத்தவர் எல்லாரும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறார்கள்.

ஐந்தாம் படி: அக்கம்பக்கத்துச் சொற்களிலிருந்து பிரித்தறிவது

துன்பத்துக்கு ஆங்கிலத்தில் சொற்கள் நிறைய. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். நான்கை மட்டும் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள்.

‘ஹார்ட்ஷிப்’ என்பது நீடித்த கஷ்டம், குறிப்பாகப் பணம், உணவு, இருப்பிடம் போன்றவை போதாத கஷ்டம். இதிலுள்ள ‘ஷிப்’ கப்பல் அல்ல, ‘ஃப்ரெண்ட்ஷிப்’பில் வருவது. இது அலுவலகங்கள் அறிந்த சொல். மத்திய அரசின் ஏழாவது ஊதியக் குழு, பணியிடத்தின் ஆபத்தையும் கஷ்டத்தையும் அளந்து படி வழங்குவதற்காக வகுத்த அட்டவணையிலேயே ‘ஹார்ட்ஷிப்’ என்ற சொல் உண்டு. சியாச்சின் பனிமலையில் பணியாற்றுபவர்கள் அதன் உச்சத்தில் வைக்கப்பட்டார்கள். எனவே கட்டணச் சலுகை, கடன் தவணை நீட்டிப்பு, உதவித்தொகை எதுவாக இருந்தாலும் விண்ணப்பத்தில் எழுத வேண்டியது ‘ஃபைனான்ஷியல் ஹார்ட்ஷிப்’. படிக்கும் அதிகாரிக்கு ஒரே நொடியில் விஷயம் புரியும்.

‘அட்வர்சிட்டி’ என்பது காலம் நமக்கு எதிராக நிற்கும் நிலை. இதன் வேருக்கும் ‘திரும்புதல்’ என்றுதான் பொருள், ஆனால் நமக்கு எதிராகத் திரும்புதல். ‘விசிசிட்யூட்ஸ்’ இரண்டு பக்கமும் திரும்பும். ‘அட்வர்சிட்டி’ ஒரே பக்கம்தான் திரும்பும். இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். பெரும்பாலும் ஒருமையில், ‘இன் தி ஃபேஸ் ஆஃப் அட்வர்சிட்டி’ என்ற தொடரில் வரும். நம் பள்ளிப் பாடங்களில் வரும் ‘இடுக்கண்’ இதற்கு மிக நெருக்கம்.

‘டிரிபுலேஷன்’ என்ற சொல்லுக்குள் ஒரு களம் இருக்கிறது. கதிரடிக்கப் பயன்படும் பலகைக்கு லத்தீனில் ‘டிரிபுலம்’ என்று பெயர். தானியம் உதிரும்வரை அதைக் கதிர்மேல் இழுப்பார்கள். அப்படி அடிபடுவதே ‘டிரிபுலேஷன்’. தேவாலயத்தில் ‘உபத்திரவம்’ என்று கேட்டிருப்பீர்கள், அதுதான். இன்று பெரும்பாலும் ‘ட்ரையல்ஸ் அண்ட் டிரிபுலேஷன்ஸ்’ என்று இணையாகவே வரும். சில சமயம் லேசான கேலியும் ஒட்டிக்கொள்ளும் என்பதால் விண்ணப்பத்துக்கு ஆகாது.

‘ஆர்டீல்’ என்பது ஒரே ஒரு கொடிய அனுபவம். குன்னூர்ச் சாலையில் பர்லியார் அருகே மண் சரிந்து, பேருந்திலேயே விடியும்வரை காத்திருந்தால் அந்த இரவு ஓர் ‘ஆர்டீல்’. மழைக்காலம்தோறும் சாலை எப்போது அடைபடும், எப்போது திறக்கும் என்று தெரியாமல் பிழைப்பு நடத்துவது ‘விசிசிட்யூட்ஸ்’.

ஆறாம் படி: எப்போது எழுதக் கூடாது

இந்தச் சொல்லைக் கற்றுக்கொள்பவர்கள் அதை எங்கேயாவது பயன்படுத்திப் பார்க்கத் துடிப்பார்கள். அந்தத் துடிப்பு புரிகிறது. நானும் இளவயதில், ஒரு ஹட்டியில் (படகர் ஊரில்) நடந்த சாவு வீட்டுக்கு எழுதிய அனுதாபக் கடிதத்தில் இதைப் போட்டிருக்கிறேன், இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. இது தள்ளி நின்று பார்க்கும் சொல். ஆண்டுகள் கடந்தபின், கணக்கை முழுதாக விரித்துப் பார்க்கும் ஒருவர் சொல்வது. துன்பத்தின் நடுவில் இருப்பவர் இப்படிப் பேச மாட்டார். அவரிடம் நாமும் இப்படிப் பேசக் கூடாது.

1964ஆம் ஆண்டு இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையின் மலையகத்திலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்த குடும்பங்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் குன்னூரிலும் இருக்கின்றன. அவர்கள் கப்பலேறி வந்ததையும், தோட்டத் தொழிலாளருக்கான லயன் வீட்டுக்கு வந்து சேர்ந்ததையும், புதிய குளிரில் முதல் ஆண்டைக் கழித்ததையும் ‘விசிசிட்யூட்ஸ்’ என்று எழுதினால், அந்தப் பாடுகளுக்கெல்லாம் மெல்லிய துணியைப் போர்த்தியதுபோல் ஆகிவிடும். யாரோ எங்கோ எடுத்த முடிவை, தானாக வந்துபோகும் பருவ மாற்றத்தைப் போலக் காட்டிவிடும். அங்கே ‘ஹார்ட்ஷிப்’ என்று நேராகச் சொல்வதே நியாயம். மூன்று தலைமுறைக் கதையை, படித்துப் பட்டம் பெற்ற பேத்தி வரை சேர்த்து எழுதும்போது வேண்டுமானால், முன்னுரையில் ஓரிடத்தில் இந்தச் சொல்லுக்கு இடம் இருக்கலாம்.

பேச்சிலும் இதைத் தவிர்ப்பது நல்லது. விடுதி வரவேற்பில் நிற்கும்போது விருந்தினர், ‘சீசன் எப்படி?’ என்று கேட்டால், ‘அப்ஸ் அண்ட் டவுன்ஸ்’ என்று சொல்லுங்கள். பொருள் ஏறக்குறைய அதேதான், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கட்டுரையில் எழுதினாலும், ஒரு கட்டுரைக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.

தமிழாக்கத்தில் ஒரு பொறி

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவர்கள் ‘விசிசிட்யூட்ஸ்’ என்பதற்கு ‘ஏற்றத்தாழ்வுகள்’ என்று போட்டுவிடுவதுண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் சரிபோலத்தான் தெரியும். ஆனால் இன்றைய தமிழில் ‘ஏற்றத்தாழ்வு’ என்றவுடன் சாதியாலும் செல்வத்தாலும் மனிதருக்குள் இருக்கும் உயர்வுதாழ்வே நினைவுக்கு வருகிறது. ‘வாழ்க்கையின் ஏற்றத்தாழ்வுகளைக் கண்டவர்’ என்று எழுதினால், அவர் சமூக அநீதியைக் கண்டவர் என்று படிப்பவர் எடுத்துக்கொள்ள இடமுண்டு. விலை, வருமானம் பற்றிய பேச்சில் ‘ஏற்ற இறக்கம்’ நன்றாகப் பொருந்துகிறது. வாழ்க்கையைப் பற்றிச் சொல்லும்போது ‘மேடுபள்ளம்’ என்பதை நான் விரும்புவேன். நம் ஊரில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. செல்வம் ஒருவரிடம் நில்லாமல் வண்டிச் சக்கரம் போல உருண்டு மாறும் என்று சொல்லும் மரபு பழந்தமிழிலேயே இருப்பதால், இலக்கிய நடையில் எழுதுபவர்கள் ‘சகடக்கால்’ என்ற உவமையையும் எடுத்தாளலாம். ‘இன்னல்கள்’ என்று மட்டும் போட்டால் சக்கரத்தின் கீழ்ப்பாதி மட்டுமே தமிழுக்கு வந்து சேரும்.

ஏழாம் படி: எழுதிப் பார்ப்பது

மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள். ஒன்று உங்கள் வீட்டுத் தொழிலைப் பற்றி, ஒன்று ஊரிலுள்ள பழைய கட்டடத்தையோ நிறுவனத்தையோ பற்றி, ஒன்று வானிலையைப் பற்றி. எழுதியபின் ஒவ்வொன்றிலும் நம் சொல்லை எடுத்துவிட்டு ‘ஹார்ட்ஷிப்ஸ்’ என்று வைத்துப் படியுங்கள். பொருள் சிறிதும் மாறவில்லை என்றால் அங்கே வேண்டியது ‘ஹார்ட்ஷிப்ஸ்’தான், ‘விசிசிட்யூட்ஸ்’ அல்ல. அடுத்து ‘அப்ஸ் அண்ட் டவுன்ஸ்’ என்று வைத்துப் படியுங்கள். வாக்கியம் நின்றால் சொல் சரியான இடத்தில் இருக்கிறது என்று பொருள்.

மாணவியின் விண்ணப்பத்தில் இந்தச் சோதனையைச் செய்தோம். தந்தையைப் பற்றிய வாக்கியம், ‘மை ஃபேமிலி இஸ் ஃபேசிங் ஃபைனான்ஷியல் ஹார்ட்ஷிப்’ என்று ஆனது. அதற்குக் கீழே கருகிய செடிகளின் பரப்பையும், அந்த மாதக் கொழுந்து விலையையும் எண்களாகவே எழுதினார். பெரிய சொல்லைக் கைவிட மனமில்லாமல், விண்ணப்பத்தோடு கேட்டிருந்த தன்விவரக் கட்டுரையின் முதல் பத்தியில், ‘ஐ க்ரூ அப் வாட்சிங் தி விசிசிட்யூட்ஸ் ஆஃப் தி டீ மார்க்கெட்’ என்று சேர்த்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பேனாவை மூடிவைத்தேன், அதில் திருத்த ஒன்றும் இல்லை.